வடிவான கோழி

எனக்குக் கோழிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது தொண்ணூற்று ஏழாம் வருடம் ஆக்லாந்தில் இருந்த தமிழர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவன் நான்தான். அதற்குப் பொறுப்பு பக்கத்து வீட்டு அக்கா.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் கடலை நோக்கி இறங்கும் தெரு ஒன்றில் பழைய பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து நானும் கீதாவும் குடிவந்த அன்றே, வேலிக்கு மேலே ஒரு ஐஸ்கிரீம் டப்பா நீண்டது. உள்ளே இடியாப்பம். டப்பாவுக்குப் பின்னால் அக்கா. எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். புடவைக்கு மேல் கணவருடைய கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ்.

“வாங்கோ தம்பி. நல்ல வீடு எடுத்திருக்கிறியள். வெயில் நல்லா விழும்” என்றார்.

வீடு தெற்குப் பார்த்தது. அந்த ஊரில் தெற்குப் பார்த்த வீட்டுக்கு வெயில் விருந்தாளியாகக்கூட வராது. ஒரு மாதம் கழித்து, வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே ஒரு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “எங்களிட்ட ரெண்டு இருக்கு தம்பி, ஒண்டு சும்மா கிடக்கு.” பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் இருவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஹீட்டர் எதுவும் அங்கே இல்லை.

அக்கா அப்படித்தான். எதிரே நிற்பவரின் முகம் வாடுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உடனே ஒரு பொய் சொல்லிவிடுவார். மற்றவர்கள் பொய்யைச் சொன்ன கையோடு மறந்துவிடுவார்கள். அக்கா மறக்கமாட்டார். சொன்னதை மெய்யாக்க மாடாக உழைப்பார்.

அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் மகன் எப்போது வருவான் என்று தினமும் கேட்பாராம். மகன் போன் செய்து வருடக்கணக்காகிறது. ஒருநாள் அக்கா தாங்கமாட்டாமல், “ஞாயிற்றுக்கிழமை விசிட்டர் வருவினம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பாட்டி ஞாயிறன்று காலையிலேயே தொப்பி வைத்து, உதட்டுச் சாயம் பூசி, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று அக்காவுக்கு விடுமுறை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கேக் செய்து எடுத்துக்கொண்டு அக்காவே விசிட்டராகப் போனார். பாட்டிக்கு மகன் வராததில் வருத்தம்தான், ஆனால் கேக்கை முழுதாகச் சாப்பிட்டாராம். திங்கட்கிழமை மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டினார்.

“உண்மையைச் சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன் நான்.

“உண்மை எங்க ஓடிப்போகப்போகுது தம்பி? அது ஆறுதலா வரட்டும்.”

நான் நெகிழ்ந்துபோனேன். எங்கள் திருச்சிப் பக்கத்தில் ஆறுதல் என்றால் தேற்றுவது. உண்மையென்பது மனிதரைத் தேற்றிக்கொண்டே வரவேண்டும் என்கிறார், எவ்வளவு பெரிய வார்த்தை என்று கீதாவிடம் சொல்லி வியந்தேன். அடுத்த வாரம் அவர் தன் மகனைப் பார்த்து, “ஓடாதை, ஆறுதலா வா” என்று கத்தியபோதுதான் விளங்கியது. அவர்கள் ஊரில் ஆறுதலா என்றால் மெதுவாக. அவ்வளவுதான் விஷயம்.

இனி என் கோழிக் கதை. சென்னையில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் நியூசிலாந்து என்னை உள்ளே விட்டது. விட்ட பிறகு, இந்த ஊர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை. ஆகவே மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் போய் மதியம் திரும்புவேன். திரும்பினால் தபால்பெட்டியில் ஏதாவது ஒரு கம்பெனி, என் விண்ணப்பத்தில் மிகுந்த அக்கறை கொண்டதாகவும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கும். எதிலாவது ஜெயிக்கவேண்டும் என்ற வெறியில் இருந்தேன். கண்ணில் பட்டது அக்காவின் கோழிக்கூண்டு.

அக்கா நாலு கோழி வைத்திருந்தார். பிரவுன் ஷேவர் என்று அந்த ஊரில் எல்லோரும் வளர்க்கிற இனம். பண்ணைக்காரர்கள் முட்டைக்கென்றே கலந்து உருவாக்கியது. அக்கா அதை மண்ணிறக் கோழி என்பார். பார்க்க ஒன்றும் இருக்காது. குளிர்காலத்தில் பகல் சுருங்கினால் அநேகக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும், இவை நிறுத்தாது. மழையில் நனைந்துகொண்டே மண்ணைக் கிளறி, மண்ணிறத்திலேயே பெரிய முட்டையாக இட்டுத் தள்ளும்.

அந்தக் கோழிகள்மேல் எனக்கு அலட்சியம்தான். தொழிற்சாலைக் கோழியை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம், படித்தவன் ஆராய்ந்தல்லவா தேர்வு செய்யவேண்டும்? நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்தேன். பனி கொட்டும் தேசத்துக்காரர் யாரோ எழுதியது. குளிர்காலத்திலும் முட்டை வேண்டுமென்றால் அடர்த்தியான இறகும் சிறிய கொண்டையும் உள்ள இனமாகப் பார், இளம் பெட்டைகளாக வாங்கு என்று எழுதியிருந்தது. நான் அடர்த்தியான இறகு என்பதோடு நிறுத்திக்கொண்டு படம் பார்க்க ஆரம்பித்தேன். போலிஷ் என்று ஓர் இனம் இருந்தது. தலைமேல் பந்து மாதிரி இறகுக் குஞ்சம். குளிருக்குப் பிறவியிலேயே குல்லா போட்டுக்கொண்டு வந்த கோழி. இதைவிட என்ன வேண்டும்?

வேலியோரம் போய்ப் படத்தைக் காட்டினேன். “இதுதான்க்கா வாங்கப்போறேன். குளிர்காலம் பூரா முட்டை போடும், பாருங்க.”

அக்கா படத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னை நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் அது.

“வடிவான கோழி தம்பி” என்றார். “நல்லா முட்டையிடும்.”

ஹெண்டர்சன் பக்கம் ஒருவரிடம் மூன்று போலிஷ் கோழிகளை வாங்கிவந்தேன். வயது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. வந்த மாதமே இறகு உதிர்க்கத் தொடங்கின. இறகு உதிர்க்கும் காலத்தில் கோழி முட்டையிடாது என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆக்லாந்துக் குளிர்காலத்தில் பனி கிடையாது, மழைதான். மழையில் குஞ்சம் நனைந்து கண்ணை மறைக்க, மூன்றும் கூண்டுக்காலில் முட்டிக்கொண்டு நடந்தன. தீனித் தட்டு எங்கே என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அக்கா வந்து, தான் தலைமுடி கட்டும் ரப்பர் பேண்டை எடுத்து மூன்றுக்கும் குஞ்சத்தைத் தூக்கிக் கட்டிவிட்டார். கல்யாணத்துக்குக் கிளம்பிய சிறுமிகள் மாதிரி இருந்தன. முட்டை மட்டும் இல்லை.

ஒருநாள் மதியம். மூன்று நேர்முகத் தேர்வு வரை போய்க் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்த வேலை இல்லையென்று ஆகிவிட்டிருந்தது. அந்தச் செய்தியோடு கொல்லைக்குப் போய்க் கூண்டில் முட்டையிட வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். வைக்கோல்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே குனிந்து நின்றேனோ தெரியாது. நிமிர்ந்தபோது அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கூடையோடு உள்ளே போனார்.

மறுநாள் பெட்டியில் ஒரு முட்டை இருந்தது. பெரியது. மண்ணிறம்.

நான் போட்ட சத்தத்தில் கீதா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு. அதிலிருந்து நாள் தவறவில்லை. நான் கிடங்குக்குப் போகும் நேரத்தில் கோழிகளைத் திறந்துவிட்டுத் தீனி போடுவது அக்காதான் என்பது எனக்கு எந்த விதத்திலும் உறைக்கவில்லை. சில நாள் முட்டை தொட்டால் சில்லென்று இருக்கும், அக்காவீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. ‘என்ன குளிர், என்ன குளிர்’ என்று கோழிகளுக்காக இரக்கப்பட்டேன்.

நூலகப் புத்தகம் போலிஷ் கோழி வெள்ளை முட்டையிடும் என்றது. அதைப் படித்தபோது நான் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் பண்ணை முட்டை வெள்ளை, நாட்டுக்கோழி முட்டை பழுப்பு. சுதந்திரமாக மேயவிட்டால் எந்தக் கோழியும் நாட்டுக்கோழி ஆகிவிடும் என்று நானே ஒரு கோட்பாடு கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தாலாவது மானம் மிஞ்சியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து கூடியபோது, சாம்பார் சாதத்துக்கும் பாயாசத்துக்கும் நடுவில் எழுந்து நின்று, குளிர்காலத்தில் முட்டையிடும் கோழி இனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசினேன். கையில் சாம்பிள் முட்டை. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். இடையிடையே தலையும் ஆட்டினார். முட்டையைக் கூட்டம் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. யார் முகத்திலும் வியப்பு இல்லை, சிலர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எப்சம் என்ற பகுதியிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் என்னை நம்பி போலிஷ் கோழி வாங்கினார். இரண்டு வாரத்தில் போன் செய்தார். “முட்டையே இல்லீங்க.”

“நீங்க அதுங்களோட மனசுவிட்டுப் பழகுறீங்களா?” என்று கேட்டேன். கேட்டேன், ஆமாம்.

இப்படி நான் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் அக்கா ஒரு பின்னேரம் எங்கள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் டப்பா இல்லாமல் அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

“தம்பி, நான் ஒரு பிழை செய்துபோட்டன்.”

மேல்தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மகன் கூப்பிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எல்லோருக்கும் அவர் ஐயா. மகனுக்கு வாரத்தில் பாதிநாள் வெளியூரில் வேலை என்பதால் ஐயாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது அக்காவின் பொறுப்பாகியிருந்தது. போன தடவை டாக்டர், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மோசமாக அடைத்திருக்கின்றன, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தேதி பிறகு சொல்கிறோம், அதுவரை பயணம் எதுவும் கூடாது என்று சொன்னார். ஐயா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, “கொஞ்சம் அடைப்பு இருக்காம் ஐயா. குளிசை போட்டால் சரியாம்” என்று சொல்லிவிட்டார். மாத்திரை போதும் என்று மகனிடமும் அதையே சொன்னார்.

“ஆறுதலாச் சொல்லுவம் எண்டு நினைச்சன். இப்ப ஐயா டொராண்டோவுக்கு டிக்கெட் எடுத்துப்போட்டார். மகளின்ர கலியாணம். வாற கிழமை பிளைட்.”

ஹீட்டரைத் தூக்கிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகலாம். குளிசையை ஆபரேஷனாக்க அக்காவால் முடியாது.

“நீங்கள்தான் வந்து சொல்லவேணும் தம்பி. நீங்கள் உள்ளதை உள்ளபடி கதைக்கிற ஆள்.”

என்னைப் பற்றி எனக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததால் உடனே கிளம்பினேன். தனியாகவே போனேன்.

ஐயா வரவேற்பறையில் புது ஷூ, அவர் பாஷையில் சப்பாத்து, போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் பெரிய உத்தியோகம், பழைய சப்பாத்தோடு போய் நிற்கக்கூடாது என்றார். மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறதாம். கூறைச்சேலையை எடுத்து விரித்துக் காட்டினார். “நிறம் நல்லா இருக்கோ? அவள் கொஞ்சம் கறுப்பு” என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ‘ஐயா, ஒரு விஷயம்’ என்று மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் போலிஷ் கோழியைப் பற்றிப் பேசினேன். குஞ்சம், இறகு, குளிர்காலம். ஐயா பொறுமையாகக் கேட்டார். தேநீர் கொடுத்தார். கனடாவிலிருந்து திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு ஜோடி வாங்கித் தருவதாகக்கூட வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றார். “சொல்லிட்டியளோ?”

“இல்லக்கா.”

“என்ன கதைச்சனீங்கள் இவ்வளவு நேரம்?”

சொன்னேன். அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ரப்பர் பூட்ஸோடே மேல்தெருவுக்கு ஏறத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஐயா மறுபடி கதவைத் திறந்தார். அக்கா உட்காரவில்லை.

“ஐயா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். குளிசையால சரிவராது. நெஞ்சில ஒப்பரேசன் செய்யவேணும் எண்டுதான் டொக்டர் சொன்னவர். பிளைட் ஏறவேண்டாம் எண்டும் சொன்னவர்.”

ஐயா கூறைச்சேலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“தெரியும் பிள்ளை. ஒப்பரேசன் எண்டது எனக்கு விளங்காதே? அந்த மனுசன் ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். நீ குளிசை, குளிசை எண்டு நிண்டாய். உன்ர முகத்தைப் பாக்க எனக்குப் பாவமாய் இருந்தது. சரியெண்டு தலையாட்டினன்.”

“அப்ப ஏன் டிக்கெட் எடுத்தனீங்கள்?”

“கலியாணத்தைப் பாத்திட்டு வந்து செய்யலாம் எண்டு.”

“வந்து சேராட்டில்?”

அக்காவின் குரல் அப்படிக் கட்டையாக ஒலித்து நான் கேட்டதில்லை.

“வழியில செத்துப்போவியள் ஐயா. உங்கட மகள் மணவறையில இருந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேக்கவேணுமோ?”

பிறகு ஐயா குனிந்து, புதுச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். அவிழ்க்க வரவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டார். அப்போதுதான் அவர் அழுவதைப் பார்த்தேன். ஐயா அழவில்லை. “மகளுக்கு நானே சொல்லுறன். நீ சொன்னா அவளுக்கும் குளிசையெண்டுதான் சொல்லுவாய்” என்றார்.

அன்று இரவே மகன் வெலிங்டனிலிருந்து வந்துவிட்டான். அக்காவிடம் கடுமையாகப் பேசினான். ஆனால் ஐயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பக்கத்தில் வேறு யாரும் இருக்கவேண்டாம், அந்தப் பிள்ளையே இருக்கட்டும் என்று ஐயாதான் சொன்னார். முதியோர் இல்லத்தில் லீவு போட்டுவிட்டு அக்கா காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவார். டாக்டர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஐயாவுக்குச் சொன்னாராம். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடிப்பாராம். ஐயா பிழைத்துக்கொண்டார். கல்யாணத்தை வீடியோ கேசட்டில் பார்த்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தார் என்று மகன் சொன்னான்.

அந்த நாட்களில் என் கூண்டில் முட்டை நின்றுபோயிற்று. ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் கீதாவிடம் விளக்கினேன்: “அக்கா இல்லாம அதுங்க ஏங்கிப்போச்சு. விலங்குகளுக்கும் மனசு இருக்கு கீதா.”

கீதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, நிஜமாவே உங்களுக்குத் தெரியலியா?”

“எது?”

“அந்த முட்டையெல்லாம் அக்கா வீட்டுக் கோழி போட்டதுங்க. நீங்க வேலைக்குப் போனதும் கொண்டாந்து வைப்பாங்க. நான் ஜன்னல்லேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது முட்டைக்குழம்பு. பழைய கையிருப்பு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், “வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“மண்டபத்துல அந்த முட்டையைக் கையில வாங்கிப் பார்த்தவங்க எல்லாருக்கும். எப்சம்காரர் ஒருத்தரைத் தவிர.”

“நீ ஏன் சொல்லல?”

“அந்தப் பொட்டியத் திறக்கும்போது மட்டும்தான் உங்க மூஞ்சில ஒரு களை இருந்துது” என்றாள் கீதா.

மூன்று நாள் நான் வேலிப்பக்கம் போகவில்லை. கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெரியவில்லை. எப்சம்காரரைக் கூப்பிட்டு மண்ணிறக் கோழி வாங்கச் சொன்னேன். மனசுவிட்டுப் பழகுவது பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. நாலாம் நாள் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்ந்து திரும்பியிருந்தார். மதியம் பெட்டியைத் திறந்தேன். முட்டை இருந்தது. நிமிர்ந்தபோது அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், இந்தப்பக்கம் பார்க்காத மாதிரி. கன்னம் ஒட்டி, கண்கள் உள்ளே போயிருந்தன. போய்க் கேட்டுவிடுவது என்றுதான் இரண்டடி வைத்தேன்.

“போட்டுடுச்சுக்கா” என்று முட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“நான் சொன்னனான்தானே தம்பி” என்றார். அவர் முகத்தில் ரத்தம் ஊறியதைப் பார்த்தேன்.

பிறகு வசந்தம் வந்தது. பகல் நீண்டது. ஒருநாள் மதியம் பெட்டியில் வழக்கமான பெரிய மண்ணிற முட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. சின்னது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கையில் எடுத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. குஞ்சக்காரிகளில் ஒருத்தி கூண்டுக் கூரையில் ஏறி நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அக்கா கத்தரிக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். மண்கையோடு எழுந்து வந்து முட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யோசிக்காதேங்கோ தம்பி” என்றார் மெதுவாக. “ஒண்டு ரெண்டு இப்பிடி நிறமில்லாமல் வரும். போகப்போகச் சரிவரும்.”

“சரிக்கா” என்றேன்.